பேப்பர் போட்ட பிறகு வந்த சம்பள உயர்வு: கோவையில் ஒரு ஆலோசனை அறை

வேலையை விடுகிறேன் என்று கடிதம் கொடுத்தாயிற்று. வேறு இடத்து ஆஃபர் லெட்டரும் கையில் இருக்கிறது. அப்போது முதலாளி கூப்பிட்டு, "அங்க தர்றதவிட நான் கூடப் போட்டுத் தர்றேன், இரு" என்கிறார். இருப்பதா, போவதா? இந்த ஒரு கேள்விக்காகவே காசு கொடுத்து ஒருவரிடம் உட்கார்ந்து பேசலாம் என்பது திருப்பூரில் பலருக்குத் தெரியாது. என் சகலை சொல்லித்தான் எனக்கே தெரிய வந்தது. நான் போய்வந்த பிறகு கூட வேலை பார்த்த சிலரும் விசாரித்தார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: 1,500 ரூபாய்க்கு அது தகுமா? தகும். ஏன் தகும், யாருக்குத் தகாது என்று விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

கோவை சாயிபாபா காலனியில் ஒரு வீட்டின் முன்னறை. நடத்துபவர் ஒரு பெண்மணி. பஞ்சாலையில் பர்சனல் ஆபீசராக (இன்றைய ஹெச்.ஆர். மாதிரி) இருந்து ஓய்வு பெற்றவர், அறுபதைத் தாண்டியவர். பெயரையும் நம்பரையும் இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் மேடம் என்றே எழுதுகிறேன். வாசலில் போர்டு கிடையாது. போனில் நேரம் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு சந்திப்புக்கு 1,500 ரூபாய், ஒன்றரை மணி நேரம் வரை பேசலாம். அதே விஷயமாக மறுபடி போனால் 750. கடிதம் எதுவும் எழுதித் தரச் சொன்னால் தனியாக 500. பணம் வாங்கியதும் கார்பன் வைத்து ரசீது எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

போனில் பேசும்போதே என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிவிட்டார்: வேலையில் சேர்ந்தபோது கொடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் பிரிண்ட், ராஜினாமாக் கடிதத்தின் நகல், புதுக் கம்பெனி ஆஃபர் லெட்டர், அப்புறம் பழைய கம்பெனி இப்போது தருவதாகச் சொல்லும் தொகை. "அது வாய் வார்த்தையா, எழுத்தா?" என்று கேட்டார். வாய் வார்த்தைதான் என்றேன். "அப்படின்னா இப்ப வராதீங்க தம்பி. எழுதி வாங்கிட்டு வாங்க. எழுத்துல இல்லாததப் பத்திப் பேசறதுக்கு உங்ககிட்ட நான் காசு வாங்கக் கூடாது" என்று போனை வைத்துவிட்டார். முதலாளியிடம் எழுதிக் கேட்க எனக்குத் தயக்கமாக இருந்தது. கேட்டேன். இரண்டாம் நாள் அக்கவுன்ட்ஸிலிருந்து லெட்டர்ஹெட்டில் வந்தது. வாயால் சொன்னது 70,000. தாளில் இருந்தது 68,000. மேடத்தைப் பார்ப்பதற்கு முன்பே, அவர் சொன்ன ஒரு சொல்லால் எனக்கு விளங்கிய முதல் விஷயம் இது.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையருக்கும் நம் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கிற வேலை. லேப் டிப் (சாய நிறத்தின் மாதிரி) அப்ரூவல், அளவு பார்க்கும் ஃபிட் சாம்பிள், உற்பத்திக்கு முன் காட்டும் பி.பி. சாம்பிள், நூல் எப்போது வரும், டையிங்கிலிருந்து துணி எப்போது வரும், இன்ஸ்பெக்‌ஷன் எந்தத் தேதி, தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் எப்போது கிளம்பும் என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டியவன் மெர்ச்சண்டைசர்தான். அந்தக் கம்பெனியில் ஏழு வருடம் முடித்திருந்தேன். சம்பளம் 52,000. எங்கள் பையர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். 2025 ஆகஸ்டு 27-ஆம் தேதியிலிருந்து இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்ட பிறகு திருப்பூர் எப்படி இருந்தது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருந்த ஆர்டருக்கே பையர்கள் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். புது ஆர்டரைத் தள்ளிப் போட்டார்கள். அந்த டிசம்பரில்தான் நான் பேப்பர் போட்டேன். புதுக் கம்பெனியும் திருப்பூர்தான். அவர்களுக்குப் பிரிட்டன் பையர்கள் அதிகம்.

யாரிடம் யோசனை கேட்பது என்பதே அப்போது பெரிய பாடாக இருந்தது. புது வேலையைக் காட்டிக் கொடுத்த கன்சல்டன்சிக்காரர் தினம் போன் செய்து, "சம்பளத்த ஏத்திக் குடுத்துத் தங்க வச்சவங்கள ஆறே மாசத்துல அனுப்பிருவாங்க சார், நம்பாதீங்க" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கலாம். ஆனால் நான் போய்ச் சேர்ந்தால்தான் அவருக்குக் கமிஷன். நம் ஊரில் அது வழக்கமாக வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். இணையத்தில் எந்தக் கம்பெனியில் என்ன சம்பளம் என்று காட்டும் தளங்களில் ஐ.டி. கம்பெனிகளைப் பற்றி நிறைய இருக்கிறது. அவிநாசி ரோட்டு எக்ஸ்போர்ட் கம்பெனி மெர்ச்சண்டைசருக்கு அங்கே உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் அம்மா "தெரிஞ்ச இடம், இருந்துக்கோ" என்றார். மனைவி "உங்க இஷ்டம்" என்றாள். நான் இருந்தாலும் போனாலும் தனக்கு ஒரு லாபமும் இல்லாத ஒருவர் எனக்குத் தேவைப்பட்டார். மேடத்திடம் நான் முதலில் மதிப்பது அதைத்தான். எங்கேயும் கமிஷன் வாங்குவதில்லை, எந்தக் கம்பெனிக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பதில்லை.

உள்ளே போய் உட்கார்ந்ததும் காகிதங்களை எல்லாம் வாங்கி, படிக்காமலே மேஜையின் ஓரத்தில் கவிழ்த்து வைத்து, மேலே கண்ணாடி வெயிட்டை வைத்தார். நடுவில் மடித்த ஒரு முழுத்தாளை என்னிடம் தள்ளினார். "லெட்டரெல்லாம் அப்புறம் பாக்கலாங்க. வேற வேலை எதுக்குத் தேடுனீங்கன்னு இந்தப் பக்கம் எழுதுங்க. இந்த உயர்வச் சொல்றதுக்கு முன்னாடி என்ன நெனச்சீங்களோ, அத மட்டும்." எழுதி முடிக்கும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் மோர் கொண்டுவந்து வைத்தார்.

நான் எழுதியது இதுதான். ராத்திரி வேலை: நியூயார்க்கில் காலை பத்து மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு எட்டரை. பையர் ஆபீசுக்கு வந்து மெயிலைத் திறக்கும்போது என் பையன் தூங்கப் போகிறான். நான்கு பையர்களை ஒரே ஆளாகப் பார்க்கிறேன், அசிஸ்டென்ட் இல்லை. மேலே போக வழி இல்லை: மெர்ச்சண்டைசிங் மேனேஜர் நாற்காலி முதலாளியின் அக்கா மகனுக்கு என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். சம்பளம் நான்காவதாக வந்தது. கம்பெனிக்கு ஆர்டர் குறைகிறதே என்ற பயம் கடைசியில்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடி வெயிட்டை எடுத்தார். 68,000 ரூபாய்க் கடிதத்தை ஸ்கேல் வைத்து வரிவரியாகப் படித்தார். ஒவ்வொரு வரி முடிந்ததும் நான் எழுதியதில் எதற்கு இது பதில் என்று கேட்டார். நான்காவதற்கு மட்டும் டிக் விழுந்தது. மற்ற நான்கும் வெறுமையாக இருந்தன. இந்த இடத்தில் "பார்த்தீங்களா, கிளம்புங்க" என்று சொல்லியிருந்தால் நான் இந்த விமர்சனத்தையே எழுதியிருக்க மாட்டேன். அதைத்தான் கன்சல்டன்சிக்காரர் இலவசமாகவே சொல்லிக்கொண்டிருந்தாரே. மேடம் அடுத்து புதுக் கம்பெனி ஆஃபரை எடுத்து அதே ஸ்கேலை அதன் மேல் வைத்தார். "இதுல மட்டும் ராத்திரி வேலை இல்லைன்னு எங்க போட்டிருக்கு? அசிஸ்டென்ட் தர்றேன்னு எங்க போட்டிருக்கு?" அதிலும் இல்லை. சம்பளம், ஆறு மாத புரொபேஷன், புரொபேஷன் காலத்தில் இரண்டு பக்கமும் 15 நாள் நோட்டீஸ், இவ்வளவுதான். நான் மனதுக்குள் ஒரு கம்பெனியை நியாயமானது என்றும் இன்னொன்றை அநியாயமானது என்றும் பிரித்து வைத்திருந்தேன். அவருக்கு இரண்டும் படித்துப் பார்க்க வேண்டிய இரண்டு தாள்கள்.

அப்புறம் கணக்கு. இதற்கு மட்டுமே 1,500 கொடுக்கலாம் என்பேன். புது ஆஃபர் வருடத்துக்கு 9 லட்சம், அதாவது மாதம் 75,000. என்னிடம் கேட்டவர்களிடம் எல்லாம் நான் 75 என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். மேடம் அதைப் பிரித்தார். 33,000 அடிப்படைச் சம்பளத்துக்குக் கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 3,960. கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது உழைத்த வருடங்களுக்காகத் தரும் தொகைக்கு, ஒதுக்குவது 1,587. வேரியபிள் என்று, அதாவது நிச்சயமில்லாத பகுதியாக, 5,000. இதெல்லாம் 75-க்குள்ளேயே அடக்கம். கழித்தால் 64,453. அதில் என் பங்கு பி.எஃப். இன்னொரு 3,960 போனால் கைக்கு வருவது 60,500-க்குப் பக்கம்.

பழைய கம்பெனி கொடுக்கும் 68,000 அப்படி இல்லை. அது மொத்தச் சம்பளம். கம்பெனி பி.எஃப். அதற்கு வெளியே. என் பங்கும் சட்டம் அப்போது வைத்திருந்த 15,000 ரூபாய் வரம்புக்கு 12 சதவீதம், 1,800 மட்டும். கைக்கு வருவது 66,200. ஆக, இருக்கச் சொல்லும் இடத்தில்தான் மாதம் 5,700 ரூபாய் அதிகம்! அதைப் பார்த்ததும் எனக்கு மனம் ஆடிவிட்டது. கையில் வரும் பணம்தானே பால்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறது.

மேடம் பேனாவைக் கீழே வைக்கவில்லை. இரண்டு பக்கமும் கம்பெனி எனக்காகச் செலவழிக்கும் மொத்தத்தை எழுதினார். பழைய இடம்: 68,000, கம்பெனி பி.எஃப். 1,800, கிராஜுவிட்டியில் சேருவது 1,250. மொத்தம் 71,050. புது இடம்: 64,453, பி.எஃப். 3,960, கிராஜுவிட்டி 1,587. மொத்தம் 70,000. 5,700 ரூபாய் வித்தியாசம் 1,050 ஆகிவிட்டது. மீதிப் பணம் எங்கேயும் போகவில்லை, பெரும்பகுதி என் பி.எஃப். கணக்கிலும் கொஞ்சம் கிராஜுவிட்டியிலும்தான் சேருகிறது. வேரியபிள் முழுதாக வந்தால் புது இடம் மாதம் 3,950 முன்னால் போகும். "வரும்னு எழுதலீங்க, நிர்வாகம் முடிவு செய்யும்னு எழுதியிருக்காங்க. அதனால அத நான் கூட்ட மாட்டேன்" என்றார். வருமான வரியை ஒரே வரியில் முடித்துவிட்டார். புதிய முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி இல்லை என்பதால் இரண்டு பக்கமும் பூஜ்யம்.

இன்னொரு இடத்திலும் ஸ்கேலை நிறுத்தினார். உயர்த்திக் கொடுத்த 16,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட அடிப்படைச் சம்பளத்தில் சேரவில்லை. 10,000 வீட்டு வாடகைப் படி, 6,000 போக்குவரத்துப் படி. அடிப்படை பழையபடி 26,000. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, இந்த மாதிரிப் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே கணக்கில் எடுக்க வேண்டும். 68,000-க்குப் பாதி 34,000. கிராஜுவிட்டி கணக்கு கடைசியாக வாங்கிய ஊதியத்தை வைத்துத்தான்: ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வருடங்களால் பெருக்க வேண்டும். 26,000 என்றால் ஏழு வருடத்துக்கு 1,05,000. 34,000 என்றால் 32,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாக வரும். முடிந்துபோன வருடங்களுக்கும் சேர்த்து இன்றைய அடிப்படைச் சம்பளம்தான் விலை வைக்கிறது என்பது எனக்கு அதுவரை தோன்றாத விஷயம். நம் ஆட்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இது. சம்பளம் ஏறும்போது எவ்வளவு ஏறுகிறது என்று மட்டும் பார்க்கிறோம், எந்தத் தலைப்பில் ஏறுகிறது என்று பார்ப்பதில்லை.

கணக்கு முடிந்தது. நான் போகவா, இருக்கவா என்று கேட்டேன். "அத நான் சொல்லக் கூடாதுங்க" என்றார். எனக்கு அப்போது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்து அவர் கேட்டது வேறு. "இந்தத் தாள்ல நீங்க எழுதாத ஒண்ணு இருக்குது. பேசும்போது மூணு தடவ 'அண்ணா என்ன நெனப்பாரு'ன்னு சொன்னீங்க. அவர்கிட்ட ஏதாச்சும் கடன்பட்டிருக்கீங்களா?"

இருக்கிறது. முதலாளியை நாங்கள் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டி வந்தபோது ராத்திரியோடு ராத்திரியாக ஒன்றரை லட்சம் கொடுத்தவர் அவர். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்ததுபோக 40,000 பாக்கி இருந்தது. அந்த ராத்திரி பணம் கிடைத்திருக்காவிட்டால் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் ராஜினாமாக் கடிதம் கொடுத்த கை கூசியது. வீட்டில் யாரிடமும் சொல்லாத இதை அந்த முன்னறையில்தான் சொன்னேன்.

மேடம் இதைத் தட்டிக் கழிக்கவில்லை. "வேலை வேற, நன்றி வேற" என்று சுலபமாகச் சொல்லிவிடவும் இல்லை. பணக்கடனை முதலில் தனியே எடுத்து வைத்தார். பாக்கி 40,000-த்தைக் கடைசிச் சம்பளக் கணக்கில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நானே எழுதிக் கொடுப்பது. கிராஜுவிட்டியை அதோடு குழப்ப விடக் கூடாது. அதில் கைவைக்கச் சட்டம் ஒருசில காரணங்களைத்தான் அனுமதிக்கிறது, வேலையை விட்டுப் போவது அதில் கிடையாது. சரி, பணம் தீர்ந்தது. மற்றதற்கு என்ன செய்வது? "உங்க நோட்டீஸ் ரெண்டு மாசம். அதுல ஒரு நாளும் கொறைக்காம இருங்க. ஓடற ஆர்டர் ஒவ்வொண்ணுக்கும் ஃபைல் போட்டு ஒப்படைங்க. புதுக் கம்பெனிக்காரங்க நோட்டீஸ் காலத்துக்குக் காசு கட்டிக் கூட்டிக்கிறோம்னாலும் வேண்டாம்னு சொல்லுங்க. இருக்கறதா முடிவு பண்ணுனாலும் நன்றிக்காக இருக்காதீங்க. ரெண்டு வருசம் கழிச்சு அவர் மேலயே வெறுப்பு வந்துரும்." இதைச் சொன்னபோது மட்டும் அவர் குரல் தணிந்தது. மில்லில் எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ.

அனுப்பும்போது இரண்டு வேலை கொடுத்தார். தாளில் டிக் விழாத விஷயங்களை நேராக முதலாளியிடமே கேட்பது. அதே கேள்விகளைப் புதுக் கம்பெனியிலும் கேட்பது. இரண்டு இடத்துக்கும் ஒரே வாரத்தில் பதில் சொல்லிவிட வேண்டும், இரண்டு பக்கமும் ஆமாம் சொல்லி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தார். நம்மை நம்பி ஒரு கம்பெனி மற்ற ஆட்களை வேண்டாம் என்று சொல்லியிருக்கும் என்றார். ஆஃபரை வைத்துக்கொண்டு கடைசி நாளில் வராமல் போவது சகஜமாகிவிட்ட காலத்தில் இதையும் ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாளியிடம் போனேன். அசிஸ்டென்ட் வேண்டும் என்று முன்பு போனஸ் சமயத்தில் கேட்டபோது பார்க்கலாம் என்றவர், இந்த முறை பொங்கலுக்குள் ஆள் போடுகிறேன் என்று லெட்டரிலேயே எழுதித் தரச் சம்மதித்தார். அடிப்படைச் சம்பளத்தை 34,000 ஆக்குவதற்கும் ஆடிட்டரிடம் பேசுகிறேன் என்றார். ராத்திரி வேலைக்கு அவரால் ஒன்றும் செய்ய முடியாது, பையர் அமெரிக்காவில் இருக்கிறார். மேனேஜர் விஷயத்தைக் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கண்ணு, உன்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். அக்கா பையனத்தான் கொண்டாரணும். அது குடும்பத்துல முடிவானது" என்றார். வருத்தமாக இருந்தாலும் அந்த நேர்மைக்கு இன்றைக்கும் அவர் மேல் மரியாதை. கேட்டிருக்காவிட்டால் அந்தப் பதிலுக்காகவே இன்னும் மூன்று நான்கு வருடம் காத்துக் கிடந்திருப்பேன்.

புதுக் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் ஹெட்டிடம் பேசினேன். இரண்டு பையர், ஒரு அசிஸ்டென்ட் என்பதை மெயிலில் உறுதி செய்தார். லண்டன் ஆபீஸ் காலை ஒன்பதுக்குத் திறக்கும்போது குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் இரண்டரை, பெரும்பாலான பேச்சு ஏழு மணிக்குள் முடிந்துவிடும் என்றார். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தை நம்பி அவர்கள் ஆள் சேர்ப்பதும் பேச்சில் தெரிந்தது. அது நடைமுறைக்கு வந்தால் நம் பின்னலாடைக்கு அங்கே இறக்குமதி வரி இருக்காது என்பது அப்போது அவர்கள் கணக்கு. புரொபேஷன் ஆறு மாதத்தை மூன்றாகக் குறைக்கக் கேட்டேன், முடியாது என்றுவிட்டார்.

தாளில் இந்தப் பதில்களையும் எழுதிப் பார்த்தபோது எனக்கே தெரிந்துவிட்டது. 750 கொடுத்து இரண்டாம் தடவை போனது முடிவைக் கேட்க அல்ல. முதலாளிக்கு எழுதும் கடிதத்தைச் சரி பார்க்கவும், போகும்போது என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவும்தான். கடைசிச் சம்பளக் கணக்கை வேலை விட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்று புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. கிராஜுவிட்டிக்கு 30 நாள். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் ஃபார்ம் 16, பழைய பி.எஃப். கணக்கை அதே யு.ஏ.என். நம்பரில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். நம்பர்) புதுக் கம்பெனிக்கு மாற்றுவது. பி.எஃப். பணத்தை எடுத்துவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். நோட்டீஸ் காலம் முழுதும் இருந்து, எல்லா ஃபைலையும் ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன். அண்ணா கடைசி நாளில் வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார்.

நான் போனேன் என்பதற்காக அங்கே போகிறவர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். என் சகலை பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அவரும் பேப்பர் போட்டுவிட்டு, மில்லில் உயர்வு தருவதாகச் சொன்ன பிறகு மேடத்திடம் போனவர்தான். அவர் தாளில் எழுதியது ஒரே வரி: சம்பளம் பத்தவில்லை. மில் கொடுத்த உயர்வு அடிப்படைச் சம்பளத்திலேயே சேர்ந்திருந்தது. வீட்டிலிருந்து மில் நடக்கிற தூரம். புது இடம் ஓசூர். அவர் எழுதிய ஒரே காரணத்துக்கும் டிக் விழுந்துவிட்டதால் தங்கிவிட்டார். இன்றுவரை அங்கேதான் இருக்கிறார், மரியாதையாகவே வைத்திருக்கிறார்கள். "பேப்பர் போட்டுட்டுத் தங்கினால் துரோகி முத்திரைதான்" என்பவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன்.

குறைகளும் உண்டு. மேடத்துக்கு நம் எக்ஸ்போர்ட் தொழில் தெரியாது. எந்தக் கம்பெனிக்கு ஆர்டர் நிலைக்கும், எந்த பையர் நழுவுவார் என்று கேட்டால் "அத உங்க தொழில்ல இருக்கறவங்ககிட்டக் கேளுங்க" என்றுவிடுவார். என் தாளில் கடைசியாக எழுதிய பயத்துக்கு அவரிடம் பதில் இல்லை. டையிங் யூனிட் நடத்தும் ஒரு நண்பரிடமும் நூல் வியாபாரியிடமும் விசாரித்துத்தான் அதற்கு விடை தேடினேன். ஐ.டி. கம்பெனியில் பங்குகள், போனஸைத் திருப்பிக் கட்டும் ஒப்பந்தம் என்று சிக்கலாக வைத்திருப்பவர்கள் வேறு ஆளைப் பார்க்கலாம். அப்படி ஒரு பையன் எனக்கு முன்னால் வந்திருந்தான், பாதியிலேயே "இது எனக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிக் காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். முதலாளியிடம் எப்படிப் பேசுவது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் உதவி வேண்டியிருந்தது. அதை அவர் சொல்லித் தருவதில்லை, உங்களுக்காகப் போன் செய்து பேசவும் மாட்டார். வீடியோ காலில் பார்ப்பதில்லை. திருப்பூரிலிருந்து போய்வர அரை நாள் லீவு போக வேண்டும். ஒருவர் உள்ளே இருந்தால் வெளியே திண்ணையில்தான் காத்திருக்க வேண்டும்.

போகிறவர்கள் புதுக் கம்பெனிக்குப் பதில் சொல்லக் குறைந்தது ஒரு வாரம் இருக்கும்படி பார்த்துப் போங்கள். கெடு நாளைக்கு என்றால் அவர் சொல்லும் எதையும் கேட்டுவர நேரம் இருக்காது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தொலைந்துபோயிருந்தால் ஹெச்.ஆரில் நகல் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் நேரம் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை, சனிக்கிழமை மத்தியானம் வரை உண்டு.